பணிய லயத்துக்கு வந்த கங்கை

காளியாயி கல்யாணமாகித் தேன்பாறைத் தோட்டத்துக்கு வந்த வருஷம்தான் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது. தலையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் கம்பளியோடு, நோட்டன் பிரிட்ஜிலிருந்து மேலே ஏறும் பாதையில் புருஷன் சோலைமலைக்குப் பின்னால் அவள் நடந்து வந்தாள். கடைத்தெருவில் கட்டிய கொடிகளை இன்னும் அவிழ்க்கவில்லை.

"நமக்கும் ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு நாள் லீவு குடுத்தாங்க" என்றான் சோலைமலை.

அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு சட்டம் வந்தது. தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டுக்கும் குடியில்லை, அக்கரை இந்தியாவுக்கும் குடியில்லை என்று ஆகிப்போனார்கள். தொழிற்சங்கத்து ஆட்கள் வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று அதை விளக்கிச் சொன்னார்கள். காளியாயி கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி புரிந்தது. மீதியை யோசித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அவளுடைய கவலை வேறாக இருந்தது. அது தண்ணீர்க் கவலை.

தேன்பாறையில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள். மலையின் மேல்தட்டில் இருந்தது மேட்டு லயம். கீழே ஓடைக்கரையில் இருந்தது பணிய லயம். மேட்டு லயத்தை ஒட்டிய பாறையிடுக்கில் ஓர் ஊற்று. அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வந்து, பீலி என்கிற அதன் வாயிலிருந்து வெள்ளி நூலாக விழுந்துகொண்டே இருக்கும். குடித்தால் பல் கூசும், அவ்வளவு குளிர்ச்சி. ஆனால் பணிய லயத்துப் பெண்கள் அந்தப் பீலிக்கு அடியில் குடம் வைக்கக் கூடாது. பணிய லயத்தில் இருந்தவை தப்படிக்கிற குடும்பங்கள். மேட்டு லயத்துப் பெண் யாராவது மனமிரங்கித் தன் குடத்திலிருந்து ஊற்றினால் ஏந்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஓடைதான் கதி. அந்த ஓடையோ மாட்டுப்பட்டியைக் கடந்து, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்புறமாக வளைந்து, எல்லா அழுக்கையும் வாரிக்கொண்டு வரும்.

இதெல்லாம் வந்த மறுநாள் காலையில் காளியாயிக்குத் தெரியாது. அவள் நேரே போய்ப் பீலிக்கு அடியில் குடத்தை வைத்துவிட்டாள். அங்கே நின்ற ராக்காயி என்ற மேட்டு லயத்துப் பெண் முதலில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு வீட்டுக்கு வந்த பொண்ணு நீ?"

"சோலைமலை வீட்டுக்கு."

அடுத்த நொடி குடம் உருண்டு சரிவில் போய்க்கொண்டிருந்தது. ராக்காயி பீலியைச் சாம்பல் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். காளியாயி சரிவில் இறங்கி, தேயிலைச் செடியில் சிக்கி நின்ற குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். நசுங்கிய இடத்தைச் சோலைமலை கல்லால் தட்டி நிமிர்த்தினான்.

"மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சொல்லியிருந்தாலும் வச்சிருப்பேன்" என்றாள் அவள்.

அவள் சுபாவம் அது. சத்தம் போட மாட்டாள். ஆனால் மனதில் விழுந்ததை விட மாட்டாள்.

மூத்த பிள்ளை அழகன் பிறந்தான், நடந்தான், வாய் நிறையப் பேச ஆரம்பித்தான். ஐம்பத்திரண்டாம் ஆண்டின் வெயில் காலத்தில் ஓடை வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கியபோது பணிய லயத்தில் வயிற்றோட்டம் பரவியது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து மருந்து கொடுத்தார், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். அழகன் பிழைக்கவில்லை. அவனோடு இன்னும் சில பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவர்களை ஓடைக்கு மேலே, தேயிலை நடாத கல்லுத் திட்டில் புதைத்தார்கள்.

துக்கம் கழிந்து வேலைக்குப் போன முதல் நாளே காளியாயி பெரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் போய் நின்றாள். பணிய லயத்துக்கு ஒரு பீலி வேண்டும் என்றாள். பதினாறாம் நம்பர் மலைக்கு மேலே ஓர் ஊற்று யாருக்கும் உதவாமல் பள்ளத்தில் விழுந்து வீணாகப் போகிறது. அதிலிருந்து குழாய் போட்டால் போதும் என்றாள். துரைக்குத் தமிழ் அரைகுறை. அவர் பெரிய கங்காணி பழனியாண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

பழனியாண்டி கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஓடையில தண்ணி தாராளமா இருக்குதுங்க தொரை. இதுக காய்ச்சாம குடிக்கிறதுதான் வெனை."

அதோடு பேச்சு முடிந்தது. துரை நடந்தார். பழனியாண்டி காளியாயியிடம் குனிந்து, மெதுவாக, "எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லணும். தொரைகிட்ட நேரா வாயத் தொறக்கிறது இதுவே கடைசியா இருக்கட்டும்" என்றார்.

"சரிங்க சாமி. ஒங்ககிட்டயே சொல்றேன்" என்றாள் காளியாயி.

பழனியாண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் கொடியவர் அல்ல. ஆனால் பெருமை அவருக்கு மூச்சு மாதிரி. அவருடைய அப்பா காலத்தில் கங்காணி சொன்னால் மலையே அசையும். இப்போது சங்கம் வந்துவிட்டது, கணக்கப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பழைய அதிகாரத்தில் பாதிதான் மிச்சம். அந்த மிச்சத்தை அவர் வருஷத்துக்கு ஒரு முறை முழுதாக அனுபவிப்பார். மாரியம்மன் திருவிழாவில் போடும் நாடகத்தில் எந்தக் கதையானாலும் ராஜா வேஷம் அவருக்குத்தான். கினிகத்தேனைக் கடையில் சொல்லி எடுத்த ஜரிகைத் துணியும், கண்ணாடிக் கல் பதித்த கிரீடமும் அவர் வீட்டுப் பெட்டியில் சூடம் போட்டு வைத்திருக்கும். அந்த வேஷத்தில் அவர் நின்றால், மனிதர் நிஜமாகவே ஒரு முழம் வளர்ந்ததுபோல இருக்கும். குரலும் அப்படித்தான்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மாசித் திருவிழாவுக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சிதம்பரநாதன் புது நாடகம் ஒன்றை எழுதினார். ராஜேந்திர சோழன் கதை. தகப்பன் ராஜராஜன் கட்டிய கோயிலை உலகமே பார்த்து வியந்தபோது, பிள்ளை அதைவிடப் பெரிதாக என்ன செய்தான் என்பதுதான் கதை. அவன் படை வடக்கே போகிறது. ஆறு ஆறாகக் கடந்து கங்கைக் கரையைத் தொடுகிறது. தோற்ற ராஜாக்களின் தலையில் கங்கைத் தண்ணீரைக் குடம் குடமாக ஏற்றிச் சோழ நாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ராஜேந்திரன் புதுத் தலைநகர் கட்டி, கடல் மாதிரி ஓர் ஏரி வெட்டி, அதில் அந்தத் தண்ணீரை ஊற்றுகிறான். எல்லா ராஜாக்களும் வெற்றிக்குக் கல்லில் தூண் நட்டார்கள். இவன் தண்ணீரால் தூண் நட்டான் என்று வாத்தியார் ஒத்திகையில் சொன்னபோது பழனியாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் ஒரு சிக்கல். தோற்ற ராஜாவாக வர மேட்டு லயத்தில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. தோற்கவும் வேண்டும், பொம்பளை மாதிரித் தலையில் குடமும் சுமக்க வேண்டும் என்றால் யார் வருவார்கள்? வாத்தியார் வேறு வழியில்லாமல் பணிய லயத்துக்கு இறங்கி வந்தார். சோலைமலையும் இன்னும் சிலரும் ஒப்புக்கொண்டார்கள். யுத்தக் காட்சிக்குத் தப்படிப்பதும் அவர்கள்தான், தோற்பதும் அவர்கள்தான்.

"அடிக்கிறதும் நாமதான், அடி வாங்குறதும் நாமதான்" என்று சோலைமலை வீட்டில் சொல்லிச் சிரித்தான். ஒத்திகை முடிந்து வரும் ஒவ்வொரு மாலையும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்தபடி, கங்காணி மாதிரியே பேசிக் காட்டுவான். அழகனுக்குப் பிறகு பிறந்த மகள் பூரணி கைகொட்டுவாள். காளியாயி ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பாள்.

ஒரு நாள் அவன் கடைசிக் காட்சியைச் சொல்லிக் காட்டினான். ராஜா ஏரிக்கரையில் நின்று ஜனங்களைப் பார்த்துப் பேசுகிற இடம்.

"கேளுங்கள், என் குடிகளே! கல்லால் நட்ட தூண் இடி விழுந்தால் உடையும். நாம் நீரால் தூண் நடுகிறோம். இந்த ஏரியின் தண்ணீர் நம் குடிகள் அனைவருக்கும் உரியது. நமது ஆட்சியில் தாகத்தோடு உறங்கும் குடி ஒன்றும் இருக்கலாகாது!"

காளியாயியின் கை நின்றது. "இன்னொரு தரம் சொல்லுங்க."

அவன் சொன்னான்.

"குடின்னா யாரு?"

"ராசாவுக்குக் கீழ இருக்கிற சனம். அவரு பாத்துக்கணும்னு இருக்கிறவங்க."

"நாம யாருக்குக் குடி?"

சோலைமலை யோசித்தான். "நமக்குத்தான் ஒரு நாடும் இல்லேன்னுட்டாங்களே."

அவள் மறுபடி ரொட்டி தட்டத் தொடங்கினாள். ஆனால் மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. பக்கத்து நிரையில் நின்றவள் ஏன் என்று கேட்டாள். காளியாயி சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம்கூட.

துரை இரவில் கண்விழிக்க மாட்டார் என்பதால் அந்த வருஷம் நாடகத்தைப் பகலிலேயே வைத்தார்கள். ஸ்டோர் முற்றத்தில் மரப்பெட்டிகளை அடுக்கிப் பலகை போட்டு மேடை. மேடைக்கு எதிரே துரைக்கும் துரைசாணிக்கும் நாற்காலி. பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்கத் தோட்டத்து உத்தியோகஸ்தர் கண்டாக்கையா. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து தேயிலைச் சரிவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் பளிச்சென்று அடித்தது. அழகனைப் புதைத்த வருஷத்து வெயில் மாதிரி.

காளியாயி பெண்கள் பக்கத்தில் ஓர் ஓரமாக, மடியில் வாழையிலை மூடிய ஒரு குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குக் குடிக்கக் கொண்டுவந்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

நாடகம் பிரமாதமாக நடந்தது. தப்பு முழங்க முழங்கப் படை போனது. வடக்கத்தி ராஜாக்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். சோலைமலை விழுந்தபோது பூரணி "எங்கப்பா!" என்று கத்த, கூட்டம் சிரித்தது. கடைசிக் காட்சி. தங்கத் தாள் ஒட்டிய குடங்களைத் தலையில் ஏந்தித் தோற்ற ராஜாக்கள் வரிசையாக வந்தார்கள். ஏரிக்குப் பதிலாக வைத்திருந்த பெரிய அண்டாவில் தண்ணீரை ஊற்றினார்கள். பழனியாண்டி முன்னால் வந்தார். கிரீடம் வெயிலில் மின்னியது. குரல் மலையில் பட்டுத் திரும்பியது.

"...நமது ஆட்சியில் தாகத்தோடு உறங்கும் குடி ஒன்றும் இருக்கலாகாது!"

கூட்டம் கைதட்டத் தயாரான நேரத்தில் காளியாயி எழுந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே மேடைக்கு நடந்தாள். இதுவும் நாடகம் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டு பேசாமல் பார்த்தார்கள். வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். சோலைமலை, தோற்ற ராஜாவின் அட்டைக் கிரீடத்தோடு, வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அவள் மேடைக்குக் கீழே நின்று கும்பிட்டாள்.

"ராசா, நான் ஒங்க குடி. தாகத்தோட படுக்கிற குடி. கங்கையைக் கொண்டாந்தீங்க, சந்தோசம். எங்க லயத்துல கங்கை இதுதான். பாருங்க."

இலையை நீக்கிக் குடத்தை உயர்த்தினாள்.

"இதைக் குடிச்சு எம்புள்ள போயிட்டான். இன்னும் எத்தனையோ புள்ளைங்க போயிருச்சு. பதினாறாம் நம்பர் மலையில ஊத்து சும்மா விழுகுது. ஒங்க ஆட்சியில எங்களுக்கு ஒரு பீலி வேணும், ராசா."

கண்டாக்கையா துரையின் காதில் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். "தள்ளிப் போ" என்று கங்காணி கத்தப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். காளியாயியும் அதற்குத் தயாராகத்தான் நின்றாள். ஆனால் அவளுக்கு ஒன்று தெரியும். கிரீடம் வைத்திருக்கும்போது அந்த மனிதர் பழனியாண்டி இல்லை. தூரத்திலிருந்து வருஷா வருஷம் பார்த்து அவள் அதைத் தெரிந்துவைத்திருந்தாள்.

பழனியாண்டி அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சரிவில் உட்கார்ந்திருந்த அத்தனை தோட்டத்து ஜனங்களையும் பார்த்தார். பிறகு மேடையின் விளிம்புக்கு வந்து, ராஜா வாங்குகிற மாதிரி இரண்டு கைகளையும் நீட்டி, அந்தக் குடத்தை வாங்கினார்.

பெண்கள் பக்கத்தில் "ஆ!" என்று ஒரு மூச்சு எழுந்தது. பணிய லயத்துப் பாத்திரத்தை அவர் கை தொட்டதை அதுவரை யாரும் கண்டதில்லை. அவர் குடத்துக்குள் பார்த்தார். செம்மண் நிறத்தில் கலங்கிய தண்ணீர். அதில் ஓர் அட்டை நெளிந்து நெளிந்து நீந்திக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது. அது நடிப்பில்லை என்று காளியாயி பின்னால் எப்போதும் சொல்வாள்.

அவர் நிமிர்ந்தார்.

"கொடுத்தோம்!" என்றார். "பதினாறாம் மலையின் ஊற்று இன்று முதல் இந்தக் குடிகளுக்கு. இது ராஜேந்திரனின் ஆணை!"

அந்த வசனம் நாடகத்தில் இல்லை. முற்றம் அதிர்ந்தது. பணிய லயத்து ஆண்கள் தப்பை எடுத்து அடித்த அடியில் ஸ்டோரின் தகரக் கூரை கிணுகிணுத்தது. துரை என்ன என்று கேட்டார், கண்டாக்கையா சொன்னார். துரை வாய்விட்டுச் சிரித்து, ஸ்டோரில் கழற்றிப்போட்ட பழைய குழாய்கள் கிடக்கின்றன, ராஜா கேட்டால் தரமாட்டேன் என்றா சொல்லப்போகிறேன் என்றார்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் எளிதாகப் போயிருக்கும். மறுநாள் காலையில் பழனியாண்டி மறுபடியும் கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரட்டுக் களத்துக்கு வந்தார். காளியாயி போய்க் கேட்டாள். "நாடகத்துல சொன்னது நாடகத்தோட போச்சு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேட்டு லயத்துப் பெரியவர்கள் சிலர் இரவே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

காளியாயி சண்டை போடவில்லை. கைகூப்பி, உரக்க, "உத்தரவு ராசா" என்று சொல்லிவிட்டு நிரைக்குப் போனாள்.

அன்று மலையில் அவர் சுற்றி வந்தபோது பணிய லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியும் நிமிர்ந்து, "கும்புடுறோம் ராசா. பீலி எப்ப ராசா?" என்றார்கள். கேலியில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. அடுத்த நாளும் அதே. கொழுந்து நிறுக்கும் இடத்தில், கோயில் வாசலில், ரேஷன் வாங்கும் வரிசையில், "ராசா, பீலி எப்ப?" என்ற கேள்வி அவரை விடவில்லை. திட்டலாம் என்றால் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ராசா என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வார்த்தையில் குனிந்தது.

மேட்டு லயத்துப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பெண்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் நோட்டன் பிரிட்ஜ் கடைக்காரர் பாக்கு மடித்துக் கொடுத்தபடி, "பீலி வந்துருச்சுங்களா ராஜா?" என்று விசாரித்தாராம். அன்று மாலை வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவரிடம் அவர் மனைவி பேச்சியம்மா சொன்னாள்:

"ஊரே கேக்குது. சொன்ன சொல்லக் காப்பாத்துற ராசாவா இருங்க, இல்லாட்டி அந்தக் கிரீடத்த அடுப்புல போடுறேன். பெட்டியில எடமாவது மிஞ்சும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழனியாண்டி கோட்டில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு பதினாறாம் நம்பர் மலைக்கு வந்தார். பணிய லயமே அங்கே திரண்டிருந்தது. அவர் முதல் மண்ணை வெட்டினார். வெட்டும்போது என்ன தோன்றியதோ, மேடைக் குரலில், "ஏரி பெருகுக!" என்றார். இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான்.

ஞாயிறு தோறும் வேலை நடந்தது. ஆண்கள் பாறையை உடைத்து வாய்க்கால் வெட்டினார்கள். பெண்கள் மண் சுமந்தார்கள். காளியாயி எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாருக்கும் பின்னால் போனாள். பழைய குழாய்களை இணைக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் வேலை பார்த்த குழாய் மேஸ்திரி பியதாச பாஸை அழைத்து வந்தார்கள். அவர் சிங்களவர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். வேலைக்கு நடுவே சோலைமலை அவருக்கு நாடகக் கதையைச் சொன்னான். ராஜேந்திரன் பெயரைக் கேட்டதும் பாஸ் குழாய் திருகும் குறட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"அந்த ராஜாவா? அவன் ஆளுங்க வந்து நம்ம பக்கம் எல்லாம் கொள்ளையடிச்சது. எங்க இஸ்கோலப் புத்தகத்தில அவன் ஹொரா."

ஹொரா என்றால் சிங்களத்தில் கள்ளன். சோலைமலை காளியாயியைத் திரும்பிப் பார்த்தான். காளியாயிதான் பதில் சொன்னாள்.

"அது நிசமா இருக்கும் பாஸ். ராசாமாருங்க எடுக்காம குடுத்ததா எங்கயும் நான் கேட்டதில்ல. நமக்கு அவரு தண்ணி சொன்னதை மட்டும் எடுத்துக்குவோம்."

பாஸ் சிரித்தார். "அது சரி. குழாய் நல்ல குழாய்" என்று சொல்லிவிட்டு மறுபடி திருக ஆரம்பித்தார். கடைசி நாள் அவர் தன் மனைவி சுட்ட கொக்கிஸ் பலகாரம் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தார்.

தண்ணீர் வந்த நாளில் பணிய லயத்தில் ஒருத்தரும் வீட்டுக்குள் இல்லை. முதலில் குழாயிலிருந்து காற்றுதான் வந்தது. பிறகு இருமினாற்போலத் துருவும் சேறும். பிறகு ஒரு நூல். அப்புறம் கை தடிமனுக்குக் கொட்டியது. கிழவர்கள் முகத்தைக் காட்டினார்கள். பிள்ளைகள் அடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். சோலைமலை தப்பை எடுத்தான். சாவுக்கும் பெரட்டுக்கும் அடித்துப் பழகிய கை, அன்று அடித்த தாளத்துக்குப் பெயரே கிடையாது. காளியாயி கல்லுத் திட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கல்யாணத்தில் வந்த அந்த நசுங்கின குடத்தை எடுத்துவந்து, நிறைய நிறையப் பிடித்து, தலையோடு ஊற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் "கங்கை கொண்டா" என்று பெயர் விழுந்துவிட்டது. பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளைகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அறுபத்தொன்றில் மழை பொய்த்தது. மேட்டு லயத்து ஊற்று சொட்டுச் சொட்டாகி நின்றேவிட்டது. பதினாறாம் மலை ஊற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் ராக்காயி குடத்தோடு பாதி வழி இறங்கி வந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றாள். வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பணிய லயத்துப் பெண்கள் காளியாயியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? வந்து வைங்க" என்றாள் காளியாயி.

"நீ ஊத்து. நான் ஏந்திக்கிறேன்" என்றாள் ராக்காயி மெதுவாக.

"இங்க ஊத்துறதும் இல்ல, ஏந்துறதும் இல்ல. ஒங்க கையாலயே வச்சுப் புடிங்க."

ராக்காயி வைத்தாள். அவளுக்குப் பின்னால் பேச்சியம்மா, அவளுக்குப் பின்னால் மேட்டு லயமே வந்தது. அந்த வெயில் முழுதும் இரண்டு லயத்துக் குடங்களும் ஒரே பீலியில் இடித்துக்கொண்டு நின்றன. மழை வந்து மேலே ஊற்று திறந்தபோது, பணிய லயத்துப் பெண்கள் போகிற வழியில் மேட்டுப் பீலியில் கை கழுவினார்கள், முகம் கழுவினார்கள், குடமும் வைத்தார்கள். சாம்பல் போட்டுக் கழுவ யாரும் வரவில்லை.

ராஜேந்திரன் நாடகத்தைத் தேன்பாறை விடவே இல்லை. தோற்ற ராஜா வேஷத்துக்கு இப்போது மேட்டு லயத்து வாலிபர்களிடையே அடிதடி. கூட்டத்தில் அதிகக் கைதட்டல் குடம் சுமக்கிறவர்களுக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் எதிர்பார்ப்பது இன்னொன்று. தண்ணீர் கேட்கிற பெண் எப்போது எழுந்து வருவாள் என்று காத்திருப்பார்கள். வாத்தியார் சிதம்பரநாதன் அதையும் எழுதிச் சேர்த்துவிட்டு, காளியாயியையே வந்து நடிக்கச் சொல்லிக் கேட்டார்.

"கேட்டாச்சு, கெடைச்சாச்சு வாத்தியாரய்யா. கெடைச்சதை எதுக்கு மறுபடி கேக்கணும்?" என்று அவள் சொல்லிவிட்டாள்.

அதனால் அந்த வேஷத்தை ஒரு வாலிபன் சேலை கட்டிக்கொண்டு நடித்தான். அறுபத்தைந்தாம் ஆண்டுத் திருவிழாவில் காளியாயி பூரணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். நரைத்துப்போன பழனியாண்டி மேடையில் ராஜாவாக நின்றார். குரல் மட்டும் நரைக்கவில்லை. சேலை கட்டிய வாலிபன் குடத்தோடு வந்து, மண்டியிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியக் கெஞ்சினான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காளியாயிக்குப் பொறுக்கவில்லை.

"எந்திரிடா!" என்றாள், முற்றம் முழுதும் கேட்க. "நான் ஒண்ணும் அழுகல. நின்னுதான் கேட்டேன்."

வாலிபன் திகைத்து ராஜாவைப் பார்த்தான். பழனியாண்டி கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, அதே கனத்த குரலில், "அந்த அம்மாள் சொல்வது உண்மை. எழுந்து நின்று கேள்!" என்றார்.

அவன் எழுந்து நின்று கேட்டான்.